சில்லும் கோடும்

கல்லூரி மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுதல் புதிதன்று. கிரிக்கெட்டு, கால்பந்து, கூடைப்பந்து முதலியவற்றில் நம் மாணவர் பெற்ற வெற்றிகளும், அவற்றினும் சற்று மிகுதியாகவே பெற்ற தோல்விகளும் இத்தகைய மலர்களின் கடைசிப் பக்கங்களில் ஆண்டுதோறும் இடம்பெறுவனவே. ஆயின், அவ்வாட்டங்களையெல்லாம் அறியுமுன்னரே நம்மிற் பலரும் ஆடிய ஆட்டம் ஒன்றுண்டு. அதற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சீருடை இல்லை, நடுவர் இல்லை, கோப்பையும் இல்லை. வேண்டுவனவெல்லாம் சிறிது மண்ணும், உடைந்த ஓட்டுத் துண்டொன்றும், ஒற்றைக் காலுமே. பாண்டி எனவும் சில்லுக்கோடு எனவும் வழங்கும் அவ்வாட்டத்தைக் குறித்தே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவ்வாட்டம் அருகி வருகின்றதென வருந்துவோர் இன்று பலர். அவருள் ஒரு சாரார் அதற்குப் பழம்பெருமை தேடிக் கொணர்கின்றனர். மற்றொரு சாரார் பள்ளி முற்றங்களில் எனாமல் வண்ணத்தாற் கட்டங்களை எழுதி வைக்கின்றனர். இரு சாராரும் நல்லெண்ணம் உடையவரே. எனினும், அவ்வாட்டத்தின் உயிர்நிலை யாண்டுளது என்பதை இரு சாராருமே கண்டிலர் என்பது எம் துணிபு.

ஆடும் முறையை முதற்கண் கூறுவோம். கூரிய குச்சியாலோ கரித்துண்டாலோ நீண்டதொரு சதுரம் வரைந்து, நடுவே நெடுங்கோடு ஒன்றும் குறுக்கே மூன்று கோடுகளும் இழுப்பின் எட்டுக் கட்டங்கள் அமையும். முதற் கட்டத்திற் சில்லை எறிந்து, அக்கட்டத்தை மிதியாது தாண்டி, ஒற்றைக் காலால் ஏனைய கட்டங்கள்தோறும் நொண்டிச் சென்று, திரும்பி வருங்கால் குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு வெளியே குதித்தல் வேண்டும். பின்னர் இரண்டாங் கட்டம், மூன்றாங் கட்டம் என எறிதல் தொடரும். நாலாம் ஐந்தாங் கட்டங்களில் இரு காலையும் ஊன்றி இளைப்பாறலாம் என்பது பல ஊர் வழக்கு. வேறு சில ஊர்களிற் சில்லைக் கையால் தொடுதலாகாது. நொண்டுங் காலாலேயே அதனைக் கட்டங்கட்டமாக உந்திச் சென்று எட்டாங் கட்டத்தினின்றும் வெளியேற்றல் வேண்டும். சில்லு கோட்டின்மேல் விழினும், கால் கோட்டின்மேற் படினும், தூக்கிய கால் நிலந்தொடினும் ஆட்டம் கைம்மாறும்.

எட்டும் முடிந்தபின் அரிய பகுதி தொடங்குகின்றது. சில்லைப் புறங்காலின்மீது வைத்து விழாமல் நடத்தல், தலையின்மேல் வைத்து நடத்தல், முகத்தை வான்நோக்கி உயர்த்திக் கீழே பாராது கட்டங்கட்டமாக அடிவைத்தல் எனப் பல நிலைகள் உண்டு. கீழே பாராது நடக்கும் பிள்ளை ஒவ்வோரடிக்கும் "ரைட்டா?" என வினவ, சூழ நிற்பவர் "ரைட்டு" என விடை கூறுவர். தமிழ்ப் பிள்ளைகளின் தனியாட்டத்துள் இவ்வாங்கிலச் சொல் எக்காலத்து நுழைந்ததோ! தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. அதனை மாற்றும் அதிகாரம் எமக்கில்லை. இந்நிலைகளையும் கடந்த பிள்ளை, கட்டங்களுக்கு முதுகுகாட்டி நின்று தலைக்குமேலாகச் சில்லைப் பின்னே எறிதல் வேண்டும். அது விழுங் கட்டம் அப்பிள்ளைக்கே உரித்தாகும். அதனை வீடு என்பர் சிலர். பழம் என்பர் சிலர். உரியவர் அதனுள் இரு காலையும் ஊன்றி நிற்கலாம். பிறரோ அதனைத் தாவியே கடத்தல் வேண்டும்.

சில்லைத் தேர்தலும் ஒரு கலையே. மிக்க நொய்தாயின் துள்ளி அயற்கட்டம் புகும். மிக்க பளுவாயின் காலால் உந்தப் பெறாது. ஆதலின் பானையோட்டையோ கூரையோட்டையோ கல்லிற் தேய்த்து வட்டமாக்கி, ஆட்டம் முடிந்தபின் பிறர் அறியாவண்ணம் சுவர்ப்பொந்தில் ஒளித்து வைப்பது பிள்ளைகளின் வழக்கம். மங்களூர்ப் பக்கத்திற் பாசல் மிஷன் தொண்டர்கள் 1860-களில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியது, ஏழை மக்கட்குத் தொழில் தரவும் வீடுகளுக்குக் கூரை தரவுமேயாம். அவ்வோடுகளின் உடைசல்கள் தென்னாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல சில்லுகளாகும் என அவர்கள் எண்ணியிருத்தல் இயலாது. அவர்தம் அறிக்கைகளிற் சேராத அறம் எனலாம். இன்றோ கூரைகள் காங்கிரீட்டாயின. தரைக்கல் பதித்தவர் எறிந்துவிட்டுப்போன வழுவழுப்பான துண்டே பல தெருக்களிற் சில்லாகியுள்ளது.

இனி அதன் வரலாற்றுக்கு வருவோம். உரோமப் போர்வீரர் தம் கால்களை வலுப்படுத்தக் கவசத்தோடு கட்டங்களில் நொண்டினர் எனவும், அவரைக் கண்டே உலகத்துப் பிள்ளைகள் இதனைக் கற்றனர் எனவும் ஒரு கதை பல நூல்களிற் காணப்படுகின்றது. அதற்கு உரோமர் காலத்துச் சான்று ஒன்றேனும் காட்டுவாரில்லை. இங்கிலாந்தில் இவ்வாட்டத்தை முதன்முதல் விளங்க எழுதி வைத்தவருள் ஒருவர் பிரான்சிஸ் வில்லுபி என்னும் இயற்கை நூலறிஞர். 1672-இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற விளையாட்டுக் கையேடு 2003-இலேயே அச்சேறியது. ஓட்டுத் துண்டையோ தட்டையான ஈயத் துண்டையோ கொண்டு, நீள்சதுரங்களாகப் பகுத்த தரையில் நொண்டி ஆடும் ஆட்டத்தை அவர் அதனுட் குறித்துள்ளார். அதன் ஆங்கிலப் பெயரிலுள்ள 'ஸ்காச்' என்பது ஸ்காத்லாந்து நாட்டைக் குறிப்பதன்று. கீறல், கோடு என்னும் பொருட்டு. நம் நாட்டார் சில்லுக்கோடு என்றதும் அவர்கள் அங்ஙனம் பெயரிட்டதும் ஒரே நோக்கின என்பது காண்க. அண்டை மொழியினரோ கோட்டைவிட்டுக் காலையும் சில்லையும் பற்றினர்: தெலுங்கர் தொக்குடுபில்ல என்பர், மிதிக்கும் வில்லை என்னும் பொருட்டு, கன்னடர் குண்டெபில்லெ என்பர், நொண்டும் வில்லை என்னும் பொருட்டு. யாழ்ப்பாணத்தார் நொண்டுதலைக் கெந்துதல் என்பர்.

1886-இல் குரோம்பி என்னும் ஆராய்ச்சியாளர், இலண்டன் மானிடவியற் கழகத்தின் வெளியீட்டில் இவ்வாட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பண்டைச் சுழல்வழிச் சித்திரங்களினின்று தோன்றிய இவ்வாட்டம், பின்னர்க் கிறிஸ்தவர் கைப்பட்டு, ஆன்மா மண்ணினின்று விண்ணிற்கு ஏகும் வழியைக் காட்டும் சித்திரமாயிற்று என்பது அவர் கருத்து. பிரெஞ்சுப் பிள்ளைகள் முதற் கட்டத்தை நிலம் எனவும் இறுதிக் கட்டத்தை வானம் எனவும் அழைப்பதும், செருமானியர் இவ்வாட்டத்தை 'விண்ணும் நரகும்' என்னும் பெயரால் வழங்குவதும் அக்கருத்துக்கு அரண் செய்வன போலும். அர்ஜென்டினா நாட்டு எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசார் 1963-இல் வெளியிட்ட புதினத்திற்கு இவ்வாட்டத்தின் ஸ்பானியப் பெயரையே இட்டார்.

கிறிஸ்தவராகிய எமக்கு இக்கொள்கை இனிக்கின்றது என்பதை மறைப்பானேன்? வெற்றிபெற்ற கட்டத்தை நம் பிள்ளைகள் வீடு என்றே அழைத்தலின், வீடுபேறு என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஒன்று செய்துவிடலாம். ஆயின், வீட்டைப் பெற்ற பிள்ளை அடுத்த கணமே பிறரை அதனுள் நுழையாது தடுக்கின்றது. தன் வீடு பெருகப் பெருகத் தோழியர் தாவ இயலாது இடர்ப்படுவதைக் கண்டு மகிழ்கின்றது. இஃது எத்தகைய மோட்சம்? கட்டங்களுக்குப் பெயரிட்டார் என்பதனாலேயே ஆட்டம் சமயத்தினின்று பிறந்தது என்றல் பொருந்தாது. பிள்ளைகள் தாம் கேட்ட சொற்களைத் தம் கட்டங்களுக்கு இட்டனர் எனக் கொள்வதே நேரிது.

தமிழ் பயிலும் யாம் நம் நூல்களை நோக்காது விடுதல் தகாது. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், பொருள்தேடப் பிரிந்து முன்னொருகால் பாலை கடந்த தலைவன் கண்ட காட்சியொன்றை இளங்கீரனார் அமைத்துள்ளார். வேட்டுவரது சீறூரில், வேம்பின் புள்ளி நிழலில், கல்லாத சிறுவர் தரையில் அரங்கு கீறி நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். அவ்வரங்கு பொன்னுரைத்த கட்டளைக் கல்லை ஒத்திருந்தது என்பர் புலவர். இப்பாட்டைக் காட்டிச் சங்கத்தார் பாண்டி ஆடினர் என மேடையில் முழங்குதல் எளிது. யாம் அங்ஙனம் கூறமாட்டோம். நெல்லிக்காய் உருளும், சில்லு உருளாது. பரிமேலழகரும் வட்டாடலை உண்டை உருட்டல் என்றே உரைத்தார். ஒற்றைக் காலைப் பற்றிய பேச்சு அப்பாட்டில் இல்லவே இல்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைத் துருவினும் அம்மானையும் நீராடலும் ஊசலும் சிறுதேரும் சிற்றிலும் உண்டே யன்றி நொண்டியாட்டத்துக்கு இடமில்லை. அரண்மனைக் குழந்தையும் தெய்வக் குழந்தையும் உடைந்த பானையோட்டை எடுத்து நொண்டுவதாகப் பாடப் புலவர்க்கு மனம் வந்திலது போலும்.

எனினும் அந்நற்றிணைப் பாட்டு நமக்கு வேறொன்றைத் தருகின்றது. அதற்கு வள்ளுவரையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசப் புகுதல் அரங்கு இழையாது வட்டாடுதல் போலும் என்பது 401-ஆம் குறளின் கருத்து. அதிகாரம் கல்லாமை. நற்றிணைச் சிறுவரும் கல்லாதவரே. ஆயின் வள்ளுவர் காட்டும் கல்லாதவன் அரங்கின்றி ஆடுகின்றான். இளங்கீரனார் காட்டும் கல்லாச் சிறுவரோ அரங்கைச் செவ்விதின் இழைத்தபின்னரே ஆடுகின்றனர். கற்றவர்க்கே உரியதென வள்ளுவர் கருதிய ஒழுங்கு, ஏடறியாத அச்சிறுவர் கையில் முன்னரே இருந்தது. காய் நெல்லியாயினும் ஓடாயினும், உருண்டாலும் நொண்டினாலும், முதலிற் கோடு இழைத்தல் வேண்டும். அக்கோட்டை ஆடுவோரே இழைத்தல் வேண்டும். பாண்டியின் உயிர்நிலை என யாம் கூறியது இதனையே.

கோடு இழுக்குமுன் பிள்ளைகள் செய்யும் வாதத்தைச் சற்றே நின்று கேட்டவர் இதனை மறுக்கார். எத்தனை கட்டம்? எங்கே இளைப்பாறலாம்? சில்லு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் ஆட்டம் போயிற்றா, பாதிக்குமேல் ஏறினால்தான் போயிற்றா? இவையெல்லாம் அன்றன்று தீர்மானிக்கப்படுவன. கட்டத்தின் அகலத்தைக் கூட்டத்திற் சிறிய பிள்ளையின் தாவலை நோக்கியே வகுப்பர். அதனினும் சிறிய தம்பி ஒருவன் அழுதுகொண்டு வந்து நிற்பானாயின் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வர். அவன் கோட்டை மிதித்தாலும் குற்றமில்லை, வென்றாலும் கணக்கில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்தி சட்டமும் இயற்றி, அச்சட்டத்துக்கு இரக்கத்தால் ஒரு விலக்கும் அமைக்கின்றாள். இதனைக் கற்பிக்க எந்த வகுப்பிற் பாடநூல் உளது?

எழுந்த வழக்கைத் தீர்ப்பதோ மண். கோட்டில் கால் பட்டதா படவில்லையா என்னும் பூசல் எழுந்தால் பிள்ளைகள் குனிந்து பார்ப்பர். கோடு அழிந்திருப்பின் குற்றம் வெளிப்படை. மண்ணைப்போல நடுநிலையான சாட்சி வேறில்லை. சிமெண்டுத் தரையில் எனாமலால் எழுதிய கோட்டை நூறு பேர் மிதிப்பினும் அது யாரையும் காட்டிக் கொடாது. அங்கே உரத்துக் கத்துபவரே வெல்வர், அன்றேல் ஆசிரியர் வந்து தீர்ப்பளிப்பர். ஓவியர் அளவுகோல் கொண்டு வகுத்த கட்டம் முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிதாகவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிறிதாகவும் இருக்கும். அதனைத் திருத்தும் உரிமை எவர்க்கும் இல்லை. எண்களும் முன்னரே எழுதப்பட்டுள, வாதத்துக்கு இடமேயில்லை. அழகிய பொருள்தான். ஆயின் ஆட்டத்தின் முற்பாதியைப் பெரியவரே ஆடி முடித்துவிட்டனர்.

பள்ளிகளின் நிலை யாவரும் அறிந்ததே. சேறும் புழுதியும் வேண்டா என முற்றம் முழுதும் சிமெண்டுக் கற்களைப் பரப்புகின்றனர். சீருடை அழுக்காகாது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட வசதியாகும். இவை பொய்யான காரணங்களல்ல; மழைக்காலத்து முற்றத்தைப் பெருக்கும் தொழிலாளியைக் கேட்டால் கல்லே நன்று என்பர், அவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளிக்கு விளையாடுமிடம் வேண்டும் என அட்டவணையிலேயே குறித்துள்ளது. குழந்தையின் விளையாட்டுரிமையை 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை தன் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவில் ஏற்றது. 1992-இல் இந்தியாவும் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. சட்டங்களிற் குறையில்லை. யாம் வேண்டுவது அவ்வளவு பெரிதுமன்று. கல் பாவும்போது மரத்தடியில் ஐந்தாறு கட்டங்கள் வரையும் அளவு, பத்தடிக்கு இருபதடி, வெறுமண்ணாக விட்டுவைத்தால் போதும். அங்கே எழுதப்பட்ட அறிவிப்பும் வேண்டா, மேற்பார்வையும் வேண்டா.

மற்றொன்று கூறாது விடுவோமாயின் இக்கட்டுரை பாதிப் பொய்யாகும். பாண்டி இன்று பெண்பிள்ளை விளையாட்டு எனப்படுகின்றது. ஆண்பிள்ளை ஏழெட்டு வயதுவரை அக்கையருடன் நொண்டுகின்றான்; பின்னர்ப் பிறர் நகைக்க, மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றான். இஃது இயற்கை விதித்ததன்று. 1677-ஆம் ஆண்டு வெளியான ஆங்கிலப் பஞ்சாங்கம் ஒன்று இவ்வாட்டத்தைப் பள்ளிச் சிறுவர்க்கு உரியதாகவே பேசுகின்றது. அவன் விட்டுச் செல்வதாவது அவன் விருப்பம். பெண்ணுக்கு அவ்விருப்பமும் இல்லை. பூப்பெய்திய மறுநாள் முதல் தெருவிற் குதித்தல் ஆகாது என்பது பல இல்லங்களில் இன்றும் எழுதாச் சட்டம். எம்முடன் பயிலும் மகளிரை வினவின், தாம் எந்த வகுப்பில், எந்த மாதத்தில் பாண்டியை நிறுத்தினோம் என்பதைத் தெளிவாகக் கூறுகின்றனர். ஆண்மக்களை வினவின் அங்ஙனம் கூறவல்லார் இல்லை. ஏனெனில் அவர்கள் எதையும் நிறுத்தவில்லை. முப்பது வயதிலும் மாலையில் தெருவை மறித்துக் கிரிக்கெட்டு ஆடுகின்றனர், அதனை ஊரார் பொறுத்துக்கொள்கின்றனர். பன்னிரண்டு வயதுப் பெண் தன் வாயிலில் எட்டுக் கட்டம் வரைந்தால் அடக்கமின்மை என்கின்றனர். கிறிஸ்தவக் குடும்பங்கள் இதில் வேறுபட்டவை என யாம் சொல்லவல்லோமல்லோம்.

சகரியா தீர்க்கதரிசி, மீண்டும் எழும் எருசலேமைத் தன் புத்தகத்தின் 8-ஆம் அதிகாரத்தில் வருணிக்கின்றார். மதிலின் உயரத்தையோ கருவூலத்தின் நிறைவையோ அவர் அங்கே பேசவில்லை. முதியோர் கோலூன்றி வீதிகளில் அமர்ந்திருப்பர் என்றும், அவ்வீதிகள் விளையாடும் பிள்ளைகளால் நிறைந்திருக்கும் என்றும் கூறுகின்றார். அவ்விடத்து ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் வெவ்வேறாகச் சுட்டியே கூறினார் என்பதை நம் போதகர்கள் கவனித்தல் நலம்.

நிற்க. பழைய விளையாட்டுகளைக் காத்தல் என்னும் பெயரால் பொங்கல் நாட்களில் பாண்டிப் போட்டி வைத்துப் பரிசளிக்கும் வழக்கமும் இப்போது பரவி வருகின்றது. நடுவர் ஊதுகுழலுடன் நிற்க, எண் பதித்த சட்டையணிந்த பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக நொண்டுகின்றனர். எல்லா ஊர்க்கும் ஒரே விதி அச்சிட்டுத் தரப்படுகின்றது. அதனால் தீங்கொன்றும் விளைந்துவிடாது. எனினும் அன்று ஒருநாள் ஆடுவதற்கு ஆண்டின் ஏனைய நாட்களில் இடம் எங்குளது என அவ்விழா நடத்துவோர் கேட்டுப் பார்த்தல் வேண்டும். விதி ஊருக்கு ஊர் வேறுபட்டிருத்தலே இவ்வாட்டத்தின் செல்வம். தேவநேயப் பாவாணர் 1954-இல் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்துத் தனிநூல் வெளியிட்டார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னரும் அவ்வேலை முடிந்தபாடில்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் வழக்குச் சொற்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விடுதி உணவறையில் ஒரு மேசையைச் சுற்றி அமர்வோர் ஐந்தாறு மாவட்டத்தினர்.

அங்ஙனமே சென்ற திங்களில் ஒருநாள் மாலை அம்மேசையில் யாம் வினவத் தொடங்கினோம். ஏழு பேர் கூறிய கட்டங்களைத் தாளில் வரைந்தோம். நான்கு வகை கிடைத்தன. வட்டமாக வரைவோரும், சிறகு வைத்த விமானமாக வரைவோரும் அவருள் இருந்தனர். பெயர்களை எழுதி முடித்தோம். விதிகளை எழுத முடியவில்லை. நாலாங் கட்டத்தில் இரு காலையும் ஊன்றலாம் என்று இருவர் கூற, ஊன்றினால் ஆட்டம் போயிற்று என்று மூவர் எழுந்து நின்றே வாதித்தனர். பழைய மாணவர்கள் தத்தம் ஊர் வழக்கை எழுதியனுப்புவார்களாயின் அடுத்த மலருக்குள் அவற்றைத் தொகுத்துவிடலாம். கட்டம் எத்தனை, சில்லு எதனாலானது, கோட்டில் நின்ற சில்லுக்குத் தீர்ப்பு யாது, வென்ற கட்டத்துக்குப் பெயர் என்ன, ஆட்டத்தை நிறுத்தியது எந்த வயதில், நிறுத்தச் சொன்னவர் யார் என்பனவற்றைக் குறித்தால் போதும்.